போன் செய்துவிட்டு நீக்கியவர்

கலியமூர்த்தி இறந்த செய்தி எனக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. கடலூர் பஸ் நிலையத்தில் நின்று கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு மெத்தை விளம்பரத்துக்கும் யாரோ சாப்பிட்ட பிரியாணிக்கும் நடுவில் அவர் படம் வந்தது. அவருடைய தளத்து நண்பர்களான உங்களுக்கெல்லாம் முதல் நாள் காலையே தெரிந்திருக்கிறது. அவர் நடத்திய அந்த இணையதளத்தில் பதிவுகள் எழுதிய வரிசையில் உடனுக்குடன் வரும். அங்கே நான் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே வெளியேறியிருந்தேன்.

அப்போது சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியர், அவர் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளை வைத்து, இந்தப் பக்கத்து நண்பர்கள் நாற்பது பேருக்காக ஒரு குறும்பதிவுத் தளம் தொடங்கினார். "ஜாஸ்தி பேரு வேணாம் மச்சான். மூஞ்சி தெரிஞ்சவன்தான் திட்டறதுக்கு முன்னாடி யோசிப்பான்" என்பார்.

நான் யோசிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி இன்னொருவருக்குப் போனது. அந்த அநியாயத்தை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் தளத்தில் நான் எழுதியது அதைப் பற்றி அல்ல. அந்த மனிதரின் மனைவியைப் பற்றி. கலியமூர்த்தி எந்தப் பதிவையும் சொல்லாமல் நீக்கமாட்டார். போன் செய்வார். அன்றும் செய்தார்.

"மச்சான், அத எடுக்கப்போறேன்."

"எடுக்க நீ யாரு? பெரிய கம்பெனி மொதலாளியா?"

"கம்பெனிக்காரன் கேக்காம எடுப்பான். நான் கேட்டுட்டு எடுக்குறேன். நீயே எடுத்துடேன்."

"முடியாது போ."

"சரி. கோவம் போனதும் டீ குடிக்க வா."

போகவில்லை. அவர் பதிவை நீக்கியதும் தளத்தை விட்டு வெளியேறினேன். எல்லோரும் புழங்கும் பெரிய வணிகத் தளத்தில், 'நாற்பது பேருக்கு ஒரு நாட்டாமை' என்று அவர் பெயரையும் படத்தையும் போட்டு எழுதினேன். அதுவரை என் பதிவுகளைப் பத்துப் பேர் படித்ததில்லை. இதை ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். முகம் தெரியாதவர்கள் அவருடைய வழுக்கையைக்கூட விடவில்லை. ஒவ்வொரு கேலிக்கும் நான் விருப்பக்குறி போட்டேன். அந்தத் தளம் என்னைத் தூண்டிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். விரல் என்னுடையது.

மறுநாள் ஆய்வக வாசலில், "நல்லா ஓடுதுபோல மச்சான்" என்றார். கிண்டல் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குக் கிண்டல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டே கடலூரில் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன்.

செய்தி தெரிந்த அன்றே அந்த நாட்டாமைப் பதிவை அழித்தேன். ஸ்கிரீன்ஷாட்டாக அது இன்னும் சுற்றுகிறது.

போன வாரம் அவர் மனைவி செல்வி போன் செய்தார். தளத்தை மூடப்போகிறாராம். கணவரின் வழக்கப்படியே ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கணக்கு அப்படியே இருக்கு. நீங்க எழுதனத அனுப்பவா, அழிச்சிடவா?"

"நான்தான் போயிட்டேனேம்மா?"

"உங்ககிட்ட கேக்காம எப்டி எடுக்கறதுன்னு வச்சிருந்தாரு. போன் போட்டா நீங்க எடுக்கலியாம்."

"அம்மா, அன்னிக்கு நான் அவர..." என்று தொடங்கினேன்.

"அத அவருகிட்ட பேசியிருக்கணும்ணே. இன்னும் பதினோரு பேருக்குப் பேசணும். சொல்லுங்க, அனுப்பவா?"

அனுப்பச் சொன்னேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு கோப்புதான். அவரவர் எழுதியதை மட்டுமே அந்த மென்பொருள் சேர்த்துக் கொடுக்குமாம். அவருக்கு நான் எழுதிய பதில்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அவர் என்ன சொன்னதற்கு அந்தப் பதில்கள் என்பது மட்டும் இல்லை.