பூச்சுக்கு மூன்று சென்டிமீட்டர்

எரிமலை அடிவாரத்து அம்பாத்தோ ஊரில் கொத்தனார் அப்தோன் கிஷ்பே பூசிய சுவரில் பல்லி ஏறினால் வழுக்கி விழும். இடுப்பொடிந்த பல்லிகளைக் கூடையில் அள்ளிப்போட்டவர்கள் உண்டு. எரிமலை உறுமி ஊரே குலுங்கிய நாட்களிலும் அவர் கட்டிய வீட்டில் மயிரிழை விரிசல் விட்டதில்லை. அந்தப் பெருமைதான் அவர் மகளின் ஒரு வருஷத்தைத் தின்றது.

யாஜைராவுக்குப் பதினைந்து வயது. தாய் இல்லாத பெண். கணக்கில் தோற்று மறுதேர்வுக்கு நின்றாள். பத்துக்கு ஏழு வாங்காவிட்டால் அதே வகுப்பு. தோழிகளெல்லாம் மேல்வகுப்புக்குப் போய்விடுவார்கள். "ட்யூஷன் எதுக்கு, நான் செத்தா போயிட்டேன்?" என்று அப்தோன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

செங்கோண முக்கோணத்தைப் பார்த்ததும் சிரித்தார். முற்றத்தில் முளையடித்து, மூன்று, நாலு, ஐந்து என்று கயிறு கட்டிக் காட்டினார். வாத்தியார் ஒரு வருஷம் கத்திப் புரியாதது பெண்ணுக்குப் பளிச்சென்று புரிந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம் மனுஷன்.

"சுவரோட நீளம் நாலு மீட்டர்ப்பா."

"நாலு மீட்டர் மூணு சென்டிமீட்டர்னு எழுது. பூச்சுக்கு."

"புத்தகத்துல பூச்சே இல்லியே!"

"அதை எழுதினவன் வீட்டைப் போய்ப் பாரு, செங்கல் பல்லிளிக்கும். முப்பது வருஷமா சுவர் கட்டறவன் சொல்றேன், எழுதுடி."

தேர்வு முடிந்த சனிக்கிழமை பள்ளியில் மிங்கா. பெற்றோர்கள் கூலியில்லாமல் வந்து பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்க்கும் நாள். அப்தோன் சாரத்தில் நின்று பின்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். யாஜைரா வாளியில் தண்ணீர் சுமந்தாள். கணக்கு வாத்தியார் ஹிப்போலித்தோ விடைத்தாளோடு வந்தார்.

"மேஸ்திரி, இந்தத் தாளைப் பாருங்க. பத்துக் கணக்கு. பத்துக்கும் முதல்ல சரியான விடை எழுதியிருக்கா. அப்புறம் பத்தையும் அடிச்சுட்டு மூணு சென்டிமீட்டர் கூட்டியிருக்கா. கோபுரத்தோட நிழலுக்குக்கூட!"

கூட்டம் குலுங்கியது. "நிழலுக்கும் சிமெண்ட் பூசுவீங்களா மேஸ்திரி?" என்றான் ரொட்டிக்கடைக்காரன். "பொண்டாட்டியை அளந்தப்பவும் கூட்டித்தான் அளந்தாரோ என்னவோ" என்றாள் ஒருத்தி.

அப்தோன் கரணையோடு கீழே இறங்கினார். "சார், தப்பு என்னுது. என்னை ஃபெயில் பண்ணுங்க."

"உங்க பேரு என் ரிஜிஸ்டர்ல இல்லியே."

"அடிச்சுட்ட விடை சரிதானே சார்? அதுக்கு மார்க்குப் போடக்கூடாதா?"

"அடிச்சது அடிச்சதுதான். பூஜ்யம்."

அப்தோன் மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை. அங்கிருந்த எல்லாரையும்விட உரக்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

செப்டம்பரில் பழைய வகுப்புக்கே பெயர் பதியும் நாள். விடியற்காலையிலிருந்து வரிசையில் இடம் பிடித்து நின்றவர் அப்தோன். முறை வந்தபோது யாஜைரா அவருடைய தங்கை சொய்லாவோடு வந்து அவருக்கு முன்னால் புகுந்தாள். படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அத்தையின் பெயரை எழுதினாள். அப்பா பெயருக்கான இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"இவர் யாரும்மா?" என்றாள் குமாஸ்தா, அப்தோனைக் காட்டி.

"வரிசையில நிக்க வந்தவர்."

"அண்ணே, நீயாவது ஏதாச்சும் சொல்லேன்" என்றாள் சொய்லா. அப்தோன் வரிசையை விட்டு விலகினார்.

சொய்லாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மையில் கட்டைவிரலை அழுத்தித் தாளில் வைத்தாள். யாஜைரா அந்த விரலைத் தன் கைக்குட்டையால் பதமாகத் துடைத்துவிட்டாள்.