வாஷியில் அம்மா தூங்கிய இரண்டு நாள்

ஏழு வயதுவரை எனக்கு அம்மாவின் வாசனை என்றால் அது தலைவலித் தைலத்தின் வாசனைதான். தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். ஒரு மணி நேரம் வரும். சில நாள் அதுவும் கிடையாது. நாலு மணிக்கே அம்மா குடங்களோடு போய் நின்றுவிடுவாள். பிறகு சமைத்து, அப்பாவைத் தோல் பட்டறைக்கு அனுப்பி, என்னைப் பள்ளிக்குத் தள்ளிவிட்டு, ஜீன்ஸ்களில் பிசிறு நூல் வெட்ட உட்காருவாள். மாலை ஐந்து மணிக்கு மூட்டையை எடுக்க ஆள் வந்துவிடுவான். மதியத்துக்குள் அம்மாவின் தலையில் துண்டுக்கட்டு ஏறிவிடும். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் முதுகில் ஒன்று விழும்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை, "டென்ஷன் மத் லேனா", டென்ஷன் எடுத்துக்கொள்ளாதே என்று அனுப்பிவைத்தார். "நானா போய் எடுக்கேன்? அதுவால்ல வருது" என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள். அந்த வழியிலேயே புதுத் தைல டப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஏழு வயதானபோது வந்த தீபாவளி விடுமுறைக்கு வாஷியில் சித்தி வீட்டில் ஒரு வாரம் தங்கலாம் என்று அம்மாவும் நானும் போனோம். அப்பாவுக்கு லீவு இல்லை. மறுநாள் காலை சித்தி டீ போடப் பாத்திரம் தேடினால் எதுவும் காலியாக இல்லை. அம்மா நாலு மணிக்கே எழுந்து வாளி, குக்கர், இட்லிப் பானை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

"ஏ அக்கா, இங்க நாள் பூரா தண்ணி வரும். நீ போய்ப் படு" என்றாள் சித்தி.

அம்மா குழாயைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடியும் திறந்து பார்த்தாள். பிறகு போய்ப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். சாப்பிட்டாள், திரும்பவும் படுத்துவிட்டாள். அடுத்த நாளும் அதே கதைதான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் சந்தில் எதிர்வீட்டுத் தாத்தா இப்படித்தான் இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. முகர்ந்து பார்த்தேன், தைல வாசனையே இல்லை. அன்று மாலை நான் ஒரு டம்ளர் பாலைத் தரையில் கொட்டியபோது அம்மா அடிக்கவில்லை. "பாத்துப் பிடிக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே துடைத்தாள். அதோடு சந்தேகம் தீர்ந்தது. இது சாதாரண நோயில்லை என்று முடிவு கட்டினேன்.

சித்தியின் போனை எடுத்து அப்பாவிடம் அழுதேன். "யப்பா, அம்மா எந்திரிக்கவே மாட்டேங்கா. வந்து கூட்டிட்டுப் போங்க."

பட்டறையிலிருந்து அப்படியே ரயிலேறி வந்தார் அப்பா. அம்மா முறுக்கு தின்றபடி சித்தியோடு கதை பேசிக்கொண்டிருந்தாள். இருந்துவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருப்பார், நான் விட்டால்தானே. அவர் காலைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அம்மா அடுக்களைக் குழாயை ஒருமுறை பார்த்தாள். "சரி, கிளம்புவோம். பிள்ளை ஏங்கிப் போயிட்டா" என்று பையை எடுத்தாள். ஒரு வாரத்தில் இன்னும் ஐந்து நாள் மிச்சமிருந்தது.

ரயில் கோவண்டியைத் தாண்டும்போது அப்பாவிடம், "ட்ரம்முல தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளா பிடிக்கல. எனக்கு எங்க நேரம்?" என்றார் அப்பா.

அம்மா நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். செம்பூர் வந்தபோது பையைத் துழாவித் தைல டப்பியை எடுத்தாள்.

அந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. நல்லவேளை, அம்மா பிழைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.