நாற்காலிக்குக் கேட்ட முன்னுரிமை

காக்கிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மழைக்காகச் சுற்றியிருந்த பாலித்தீன் உறையைப் பிரித்து, ஸ்பீக்கரைப் போட்டு என் மேசைமேல் வைத்தார் அந்த மனிதர். "தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன, சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யவும்" என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. சிம் வாங்க வந்தவர்கள், பில் கட்ட வந்தவர்கள், காலர் டியூன் மாற்ற வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "கேட்டீகளா? காலையில இருந்து இந்தம்மா இதையேதான் சொல்றாக. செத்த நேரம் கழிச்சுக் கூப்பிட நான் என்ன பொண்ணு பாக்கவா போன் போடுறேன்?" என்று அவர் கேட்டதும் கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. யார் சத்தம் போட்டாலும் மதுரையில் இருக்கும் மேலாளர் என்னைத்தான் கேட்பார்.

கம்பத்தில் ஒரு செல்போன் கம்பெனியின் சேவை மையத்தில் நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கழிந்திருந்தன; கூலி வேலைக்குப் போகிற பெண்களின் இடுப்பிலும் போன் வந்துவிட்டிருந்தது. அவர் தீயணைப்பு நிலைய அலுவலர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'ஆபீசர்'. நெட்டை ஆள், வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். ஆனால் ஒருநாளும் சீருடையைக் காட்டி முன்னால் வந்தவரில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு, ரிங்டோன் கேட்டு வந்த பையன்களுக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்தபிறகுதான் சண்டையை ஆரம்பிப்பார்.

அவருடைய சண்டைக்குக் காரணம் இருந்தது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் கம்பம் மெட்டு ஏறி, உச்சியில் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கும். எல்லை தாண்டினால் ரோமிங். வருகிற அழைப்புக்கே காசு பிடிப்பார்கள். அதனால் தோட்டத்து வேலைக்குப் போகிற அத்தனை பெண்களும் மெட்டு உச்சிக்கு வந்ததும், எல்லைக்கு இந்தப் பக்கமே வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுவார்கள். 'பத்திரமாக ஏறியாச்சு' என்று அதற்கு அர்த்தம். வீட்டில் இருப்பவர்கள் பதிலுக்கு ஒன்று கொடுப்பார்கள். வரிசையாக ஜீப்புகள் ஏறும் காலை வேளையில் மெட்டு டவர் திணறிப்போகும். ஒரு மிஸ்டு காலுக்கும் காசில்லை என்பதால், அந்த டவரைப் பெரிதாக்குவதில் எங்கள் கம்பெனிக்கும் அக்கறை இல்லை. "வருமானமே இல்லாத டவர்மா அது" என்று மேலாளர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எங்கள் சித்தியும் அந்த ஜீப்புகளில் ஒன்றில் போகிறவள்தான். அம்மாவின் தங்கை. அம்மா இறந்தபிறகு எனக்கு ஆக்கிப்போட்டு, கல்லூரிக்கு அனுப்பி, இந்த வேலைக்கு வரும்போது புதுச்சேலை எடுத்துக் கொடுத்தவள். ஏலக்காய் எடுக்கும் வேலை. நான் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடும்போது என் போன் ஒருமுறை அடித்து நிற்கும். சித்தி மெட்டு ஏறிவிட்டாள் என்று நிம்மதியாக முதல் டோக்கனைக் கூப்பிடுவேன். அதனால் ஆபீசர் மெட்டுச் சாலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எனக்கு அது சித்தியைப் பற்றிய பேச்சாகவே காதில் விழும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலை வளைவுகளில் தீயணைப்பு வண்டியின் வயர்லெஸ் எடுபடாது. மரம் விழுந்தாலும் ஜீப் கவிழ்ந்தாலும் கையில் இருக்கும் செல்போன்தான் கதி. அந்த நேரம் பார்த்து ஊரே போன் போடும், லைன் கிடைக்காது. "எங்க ஸ்டேஷன் நம்பருக்கு மட்டும் வழி விடுற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியாதா தாயி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மதுரையிலிருந்து டவர் வேலைக்கு வந்த எங்கள் இன்ஜினீயரிடம் கேட்டேன். அப்படி ஒரு வசதி இருக்கிறதாம். டவரில் எல்லா வழியும் நிரம்பியிருக்கும்போது முன்னுரிமை பெற்ற எண் அழைத்தால், அடுத்து எந்த வழி காலியானாலும் அது அந்த எண்ணுக்குத்தான் போகும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ், நாட்டுப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் ஆகியோருக்காகவே ஏற்பட்ட வசதி. "உக்காந்த இடத்துல ரெண்டு நிமிஷ வேலை" என்றார் இன்ஜினீயர்.

அந்த இரண்டு நிமிஷ வேலைக்கு ஆபீசர் நடையாய் நடந்தார். சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்றது கம்பெனி. கம்பெனி கேட்டால் பரிசீலிப்போம் என்றது அந்த அலுவலகம். ஒருமுறை, மிக உயர்ந்த பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "பெரிய அதிகாரி எதுக்கு மலையில வந்து ஜீப்பைத் தூக்கப் போறாரு? தூக்குறவன் நாங்கதான? இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன், என் பேருக்கு எனக்கு வேணாம். நாளைக்கு என்னை மாத்திருவாக. ஸ்டேஷன் நாற்காலிக்குக் குடுங்க. அதுல எவன் உக்காந்தாலும் அவனுக்கு லைன் கெடைக்கணும்." இதை நான் அப்படியே மதுரைக்கு எழுதினேன். எத்தனை முறை எழுதினேன் என்று கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும்.

இதற்கிடையில் எங்கள் ஊர்த் திராட்சை மண்டிக்காரர் ஒருவர் ஃபேன்ஸி நம்பர் கேட்டு வந்தார். கடைசியில் ஒரே எண் வரிசையாக வரவேண்டும், ராசியாம். அன்று சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து இன்ஜினீயர் பேச்சுவாக்கில், அந்த எண்ணுக்கு முன்னுரிமையும் போட்டாயிற்று என்றார். "பெரிய கஸ்டமர்மா. லைன் கெடைக்கலைன்னு மேலாளரைத் திட்டுனாரு. சார் போடச் சொன்னாரு, போட்டுட்டேன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஸ்டேப்ளரை மேசையில் அறைந்தேன். உத்தரவு எங்கே போயிற்று? சென்னை அலுவலகம் எங்கே போயிற்று? மறுநாள் ஆபீசர் வந்ததும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர், "ஏன் தாயி, திராட்சையில தீப்பிடிச்சா யாரைக் கூப்பிடுவாரு அவரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. கடையைத் திறந்துவிட்டேன், கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிவிட்டது, சித்தியின் மிஸ்டு கால் வரவில்லை. தாமதம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மெட்டிலிருந்து இறங்கிவந்த ஒரு ஜீப் டிரைவர் தீயணைப்பு நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டு எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் ஜீப் ஸ்டாண்டிலும் வந்து சொன்னான். தோட்டத்துக்குப் போன ஜீப் ஒன்று வளைவில் சரிந்து கிடக்கிறது. அந்த ஜீப்பை ஓட்டியவரின் பெயரைச் சொன்னான். சித்தி போகும் ஜீப்.

ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேர் கையும் போனுக்குப் போனது. மகளுக்கு, மருமகளுக்கு, அக்காவுக்கு. கிடைக்காவிட்டால் திரும்ப, அதுவும் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப. நான் போனைக் கையில் வைத்திருந்தேன், அழுத்தவில்லை. அங்கே இப்போது ஆபீசரின் வண்டி போய்ச் சேர்ந்திருக்கும், அவருக்கு லைன் வேண்டும் என்பது அந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? "யாரும் போடாதீக, ஒரு அரைமணி நேரம் போடாதீக! அங்கன ஆபீசர் இருப்பாக, அவுகளுக்கு லைன் கெடைக்கட்டும்" என்று வாசலில் நின்று கத்தினேன். பக்கத்துப் பூக்கடை அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஒஞ் சித்திடி அவ! ஒரு போனு போட்டா ஒங் கை தேஞ்சா போகும்? என்ன நெஞ்சுடி ஒனக்கு?" என்று கேட்டாள். அவள் மகளும் அதே வழியில் வேறு ஜீப்பில் போயிருந்தாள். கடைக்குள் ஓடி, தரைவழிப் போனில் மதுரைக்குக் கூப்பிட்டேன். ஆபீசர் எண்ணுக்கு இப்போதே முன்னுரிமை போடச் சொன்னேன். "மேலாளர் சொல்லாம நான் தொட முடியாதும்மா" என்றார் இன்ஜினீயர். மேலாளர் எங்கே என்றேன். மீட்டிங்கில் இருந்தார்.

மெட்டில் நடந்ததை ஆபீசரே பின்னால் எனக்குச் சொன்னார். மற்றப் பெண்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். முன்சீட்டில் இருந்த சித்தியின் கால்மட்டும் ஜீப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆட்களால் தூக்கினால் வண்டி பள்ளத்தில் சரிந்துவிடும், அவளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கிரேன் வேண்டும். கம்பத்தில் கிரேன் வைத்திருப்பவரின் எண்ணை அவரும் அவருடைய ஆட்களும் மாற்றி மாற்றி அழுத்தினார்கள். தகவல் சொல்ல ஒருவரைக் கீழே ஓடவிட்டார். சாலை முழுக்க வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறிவிட்டது. சித்தி மயங்கி மயங்கி விழித்தாளாம். விழிக்கும்போதெல்லாம், "எம் பொண்ணுக்கு மிஸ்டு கால் குடுத்துட்டீகளா?" என்று கேட்டாளாம். பொண்ணு என்றது என்னை.

அப்போதுதான் பின்னால் நின்ற கார்களின் வரிசையிலிருந்து மண்டிக்காரர் நடந்து வந்திருக்கிறார், போனில் பேசிக்கொண்டே. லாரியைக் குமுளி வழியாகத் திருப்பிவிடச் சொல்லி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாராம். அந்த மலையில் லைன் கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான். விலை உயர்ந்த செட் என்பதால் கிடைக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆபீசருக்குத் தெரியும். ஓடிப்போய்ப் போனைக் கையிலிருந்து பிடுங்கி, கிரேன்காரரையும் ஆம்புலன்ஸையும் ஆஸ்பத்திரியையும் அதிலேயே கூப்பிட்டார். முதல் தடவையிலேயே கிடைத்ததாம். கிரேன் வந்தது, வண்டி நிமிர்ந்தது. சித்தியின் உயிர் தங்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். மண்டிக்காரர், பொது இடத்தில் தன் போனைப் பிடுங்கி ஓர் அரசு ஊழியர் அவமானப்படுத்திவிட்டார் என்று மேலிடத்தில் புகார் கொடுத்தார். எங்கள் கம்பெனி பதறிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பத்திரிகையில் விபத்துச் செய்தி பெரிதாக வந்ததும், அதே கம்பெனி எங்கள் கடைவாசலில் பந்தல் போட்டு ஆபீசருக்குச் சால்வை போர்த்தி, அவருடைய எண்ணுக்கு முன்னுரிமை வழங்கியது. மேலாளர் போட்டோவுக்குச் சிரித்தார். "சார், நாற்காலிக்குல்ல கேட்டேன்" என்றார் ஆபீசர். "எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், இங்க பாருங்க" என்றார் மேலாளர். மாதம் ஒன்று முடியவில்லை, ஆபீசருக்கு மாற்றல் வந்துவிட்டது. ராமநாதபுரம் பக்கம், மலையே இல்லாத ஊர்.

போவதற்கு முன் கடைக்கு வந்து அந்தச் சிம்மைக் கழற்றி என் மேசையில் வைத்தார், புதிதாக வருபவருக்குக் கொடுக்கச் சொல்லி. மதுரைக்குக் கேட்டேன். சிம் அவர் பெயரில் இருக்கிறது, வேறொருவர் பயன்படுத்தக் கூடாது, புதியவருக்கு வேண்டுமானால் முதலிலிருந்து மனுச் செய்யட்டும் என்றார்கள். புதிதாக வந்தவரோ வேறு கம்பெனி போன் வைத்திருந்தார். நான் சிம்மை ஆபீசரிடமே திருப்பிக் கொடுத்தேன். "வெளங்கிரும்" என்றார் ஆபீசர். டோக்கனைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. மிஸ்டு கால் கொடுக்கிற காலமும் போய்விட்டது. ஜீப்பில் போகும்போதே பெண்கள் வீடியோவில் பேசுகிறார்கள். ஆனால் திருவிழாவுக்கும் மழைக்கும் லைன் திணறும்போதெல்லாம் எனக்குப் பழைய ஆத்திரம் அப்படியே வந்துவிடும். மெட்டில் இன்று யார் நிற்கிறார்கள், அவர்கள் கையில் இருக்கும் போனுக்கு வழி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. கேள்வியே சிலருக்குப் புரியவில்லை.

ஆபீசர் போன பிறகு வந்த முதல் தீபாவளி இன்னும் நினைவில் இருக்கிறது. காலையிலிருந்து யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. தெருவே போனைக் காதில் வைத்துக்கொண்டு சலித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில்மட்டும் போன் அடித்தது. ராமநாதபுரத்திலிருந்து அவர்தான், முன்னுரிமை போட்ட அதே சிம்மிலிருந்து. ஸ்பீக்கரைப் போட்டுச் சித்தியிடம் கொடுத்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கினாள். "எப்படி இருக்கீக ஆத்தா? பலகாரமெல்லாம் ஆச்சா?" என்றது அவருடைய குரல், பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாக. சித்தி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கேன் சார். போன வையிங்க" என்றாள். "மெட்டுல எவ கெடக்காளோ. லைனைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீக."

அவர் பதில் சொல்வதற்குள் அவளே கட் செய்துவிட்டாள்.