மீற்றர் நீக்கிலாப்பிள்ளையும் காஸ் கிடங்கும்

குருநகரில் நீக்கிலாப்பிள்ளை என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். மீற்றர் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் பார்த்து எழுதுவது அவருடைய உத்தியோகம். காக்கிக் காற்சட்டை, காதில் செருகிய பென்சில், நாய்களை மிரட்ட ஒரு குடை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. மீற்றர்கள் இருந்தன, ஓடத்தான் இல்லை. ஆனாலும் மனிதர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் ஒழுங்கையால் போவார். சனம் சிரித்தது. கரண்டே இல்லாத ஊரில் மீற்றர் பார்க்கிற மனிசனைக் கண்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி மக்டலீனுக்கு மூச்சிழுப்பு வருத்தம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் மருந்து மாதிரி அளந்து கிடைத்த காலம் அது; உண்மையான மருந்தோ அதுவும் கிடைக்காத காலம். ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுப்பில் வைத்து ஊதினால் சோறு வேகுமுன் மக்டலீனின் நெஞ்சு விசில் அடிக்கும். நீக்கிலாப்பிள்ளை தானே சமைத்துப் பார்த்தார். புகைக்கு யார் சமைக்கிறார் என்ற கணக்கு இல்லை, சின்ன வீடு முழுக்கப் பரவியது.

தொண்ணூற்றிரண்டில் கனகலிங்கம் என்று ஓர் எஞ்சினியர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏதோ ஒரு தொண்டுச் சங்கத்து ஆள். சாணத்தையும் கழிவையும் கரைத்து நிலத்தில் வெட்டி மூடிய கிடங்கில் விட்டால் காஸ் வரும், அதில் புகையில்லாமல் சமைக்கலாம் என்றார்.

"தோட்டக் காணியளிலை இது வேலை செய்யுமெண்டு தெரியும், ஐயா. நெருக்கமான பட்டின ஒழுங்கையிலை செய்யுமோ எண்டதுதான் கேள்வி. உங்கடை வீட்டிலை ஒருக்காப் பரிசோதிச்சுப் பாப்பம். கார்த்திகையிலை சங்கத்துப் பெரியாக்கள் வருவினம். எரிஞ்சால் ரவுணுக்குள்ளை இன்னும் கட்டுவம். எரியாட்டில் குழாயைக் கழட்டிக்கொண்டு போகச் சொல்லுவினம்."

கழிவுக்குப் பஞ்சமில்லை; குருநகரில் மீன் குடல் கேட்டால் வாளி வாளியாகத் தருவார்கள். சாணத்துக்குத்தான் வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது. கத்தோலிக்கக் குருநகர் முடிந்து சைவ வீடுகள் தொடங்குகிற எல்லையில் இருந்தது அந்த ஒழுங்கை. அடுத்த வளவில் கமலாவதி, கணவனை இழந்தவர், ஒரு பசுவோடு தனியே இருந்தார். வெள்ளி, செவ்வாய் கோயில். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு விரதம். சாணம் தர உடனே சம்மதித்தார். அதற்குப் பதிலாக அவருடைய குசினி அடுப்புக்கும் ஒரு குழாய் என்று பேச்சு. வேலியோரம் கிடங்கு வெட்டிக் கட்டினார்கள்.

காஸின் அமுக்கத்தைக் காட்ட ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் சுவரில் பூட்டப்பட்டது. அதற்குள் உடுப்புக்குப் போடுகிற நீலம் கலந்த தண்ணீர். காஸ் கூடினால் தண்ணீர் ஏறும், குறைந்தால் இறங்கும். நீக்கிலாப்பிள்ளை பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காக்கிக் காற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றதை ஒழுங்கை முழுவதும் பார்த்தது. அவருக்குத் திரும்பவும் ஒரு மீற்றர் கிடைத்துவிட்டது.

அடுப்பு முதன்முதலில் பற்றியபோது மக்டலீன் கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். நீலச் சுவாலை, புகையே இல்லை. "இஞ்சாருங்கோ, மணக்கவுமில்லை" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்தக் காலத்தை நினைத்தால், அதே ஒழுங்கையில் இருந்த எனக்கு அதன் காலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கமலாவதி கேட்பார்: "அண்ணை, மீற்றர் என்ன சொல்லுது?" இந்தப் பக்கமிருந்து பதில் வரும்: "ஏறுது தங்கச்சி, ஏறுது." சண்டைக்கும் தடைக்கும் நடுவில் நாள் அப்படித்தான் விடிந்தது. அதைப்போல ஒரு விடியல் பிறகு அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை.

ஐப்பசியில் முருகனுக்கு ஆறு நாள் விரதமிருக்கிற கந்தசட்டி வந்தது. கமலாவதிக்குப் பெரிய சங்கடம். கிடங்குக்குள் போவது மீன் குடல். அந்த நெருப்பில் சட்டி விரதத்துக்குச் சமைக்கலாமா? முதல் நாள் காஸ் குழாயை மூடிவிட்டு வெளியே மூன்று கல்லு வைத்து விறகு மூட்டினார். அன்றைக்குக் காற்று வேலிக்கு இந்தப் பக்கமாக அடித்தது. சற்று நேரத்தில் மக்டலீனின் இழுப்புச் சத்தம் வேலி கடந்து கேட்டது. கமலாவதி ஓடிப்போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். சோறு பாதி வெந்தபடி கிடந்தது.

அடுத்த நாள் நீக்கிலாப்பிள்ளை மீற்றரைப் பார்த்தார். தண்ணீர் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. விரதம் முடியுமுன் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து நின்றது. அடுப்பு 'புஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. கிடங்கின் வாயை மோந்து பார்த்தவருக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரி மணம்.

"ஆர் இதுக்குள்ளை பினைல் ஊத்தினது?" என்று ஒழுங்கை அதிரக் கத்தினார்.

கமலாவதி ஈரச் சேலையோடு வேலியடிக்கு வந்தார். "நான்தான் அண்ணை. மஞ்சள் தண்ணி தெளிச்சன். மனம் ஆறேல்லை. என்ரை அவர் உயிரோடை இருக்கேக்கை மாட்டுக்கொட்டிலுக்கெண்டு வாங்கிவைச்ச பினைல் ஒரு கலன் கிடந்தது. முழுக்க ஊத்திக் கழுவினன். துப்பரவாப் போச்சுதெண்டால் விரதத்துக்கும் காஸிலையே சமைக்கலாம், மக்டலீனுக்கும் புகை போகாதெண்டு..."

தடைக்காலத்தில் ஒரு கலன் பினைல்! சவுக்காரம் கிடைக்காமல் சனம் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த நாட்கள். இரண்டு வருடமாகப் பூட்டிவைத்த சொத்தை மனுசி கிடங்குக்குள் ஊற்றியிருக்கிறார். நீக்கிலாப்பிள்ளை திட்ட வாயெடுத்தார். கோபத்தை யார் தலையில் கொட்டுவது என்று தெரியாமல் குடையை எடுத்து நிலத்தில் அடித்தார்.

கனகலிங்கம் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "அம்மா, உதுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத உயிருகள் இருக்கு. அதுகள்தான் காஸைத் தாறது. பினைலிலை எல்லாம் செத்துப்போச்சு."

கமலாவதி அப்படியே குந்திவிட்டார். "சட்டி விரதத்திலை உயிர்க்கொலை செய்துபோட்டனே, முருகா!"

சாணம் கொடுக்கிறவருக்கு இதையெல்லாம் முதலே சொல்லவேண்டும் என்று படித்த மனிதருக்கும் தோன்றவில்லை, மீற்றர் பார்க்கிறவருக்கும் தோன்றவில்லை. குற்றத்தை மூன்று பேருக்கும் பங்கு போடலாம். ஆனால் பங்கு கேட்டு மற்ற இரண்டு பேரும் முன்வரவில்லை.

பெரியவர்கள் சொன்னபடி வந்தார்கள். எரியாத அடுப்பைப் பார்த்தார்கள். பட்டினத்துக்கு இது ஒத்துவராது என்று முடிவு சொல்லிவிட்டு, குழாயைக் கழற்றச் சொல்லிப் போனார்கள். கனகலிங்கம் சைக்கிள் பையைத் துழாவினார். "குழாய் கழட்டுற சாவி வீட்டிலை விடுபட்டுப் போச்சு. பிறகு வந்து கழட்டுறன்" என்றார். சாவியின் பிடி பையிலிருந்து எட்டிப் பார்த்ததை நீக்கிலாப்பிள்ளை கண்டார். போகும்போது கனகலிங்கம் மெல்லச் சொன்னார்: "கிடங்கை இறைச்சுக் கழுவிப்போட்டுப் புதுச் சாணம் விடுங்கோ. வேலை செய்யிற வேறை கிடங்கிலை இருந்து கொஞ்சம் கரைசல் எடுத்து ஊத்தோணும். தயிருக்கு உறை விடுறமாதிரி."

வேலை செய்கிற கிடங்கு உரும்பிராயில், கமலாவதியின் தமையன் தோட்டத்தில் இருந்தது. யாரையும் கேட்காமல் கமலாவதியே போனார். மூடிய வாளியை மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் திரும்பினார். பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். கொண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னணை வாளிக்குள்ளை?" என்று கேட்டான்.

"உறை" என்றார் கமலாவதி. "மூடிக் கிடக்கிறதை ஏன் மோந்து பாக்கிறாய்?"

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு தண்ணீர் ஏறத் தொடங்கியது. அன்று கமலாவதி ஒரு வாளி மீன் குடலைத் தன் கையாலேயே, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கிடங்குக்குள் கொட்டினார். "அதுகளும் சாப்பிடத்தானே வேணும்" என்றார். அடுத்த வருடச் சட்டிக்கு அந்த நெருப்பில்தான் சமைத்தார். முருகன் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. கனகலிங்கம் சாவியோடு வரவேயில்லை. ரவுணுக்குள் வேறெங்கும் கிடங்கு கட்டப்படவில்லை. நீக்கிலாப்பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்கவுமில்லை. ஆனாலும் அவர் காலையில் காக்கி போட்டுக்கொண்டு பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் சொன்னார். மக்டலீன் அந்த மூன்று வருடமும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில் ஆமி நெருங்க, எல்லோரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். கந்தசட்டி முடிந்த கையோடு அது வந்தது. கமலாவதி பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு அதன் நெற்றியில் திருநீறு பூசினார். நீக்கிலாப்பிள்ளை காஸை மூடிவிட்டு, நீலத் தண்ணீர் உயர நிற்பதைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். மக்டலீனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் மூன்று பேரும் சனத்தோடு சனமாக உருட்டிக்கொண்டு நடந்தார்கள்.

கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணிக் கொட்டிலில் இடம் கிடைத்தது. விடிந்ததும் சுற்றிவர எங்கே பார்த்தாலும் அடுப்பு. ஊரே ஈர மட்டையை மூட்டியது. புகை கொட்டிலுக்குள் வந்து படுத்துக்கொண்டது. மக்டலீனின் நெஞ்சு பழைய விசிலை அடிக்கத் தொடங்கியது. நீக்கிலாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பசித்த சனத்திடம் சமைக்காதே என்று எந்த வாயால் சொல்வது?

கமலாவதி எழுந்தார். சேலையை உதறிக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே போனார்.

"பிள்ளையள், நான் சட்டி விரதம். மீன் மச்சம் காய்ச்சிற புகை என்னிலை படக்கூடாது. குறை நினையாமல் அடுப்புகளை அங்காலை, காத்துக்கு மறுபக்கம் கொண்டுபோங்கோ."

நாள் கணக்கு மறந்து ஓடிவந்த சனத்தில், விரதக்காரி சொன்னால் யார் மறுப்பார்கள்? ஒரு கிழவர் எழுந்து முதல் அடுப்புக் கல்லைத் தூக்கினார். கொட்டிலைச் சுற்றி மெல்ல மெல்லப் புகை விலகி வெளித்தது. மக்டலீன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தார்.

கமலாவதி திரும்பி வந்து அவர் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினார். யாரோ நீட்டிய சோற்றுப் பார்சலை வாங்கவில்லை. விரதக்காரி சாப்பிடுவதை அந்தச் சனம் பார்க்கக்கூடாதே.

"தங்கச்சி," என்றார் நீக்கிலாப்பிள்ளை மெல்ல, "சட்டி முந்தநாளே முடிஞ்சுதெல்லோ?"

"எனக்கு இன்னும் முடியேல்லை அண்ணை" என்றார் கமலாவதி.