சாயம் ஏறாத கல்லீரல்

இருதயம்மாளுக்கு ஐம்பத்துமூன்று வயது. அதில் முப்பது வருஷம் காசிமேட்டு இறால் கொட்டகையிலேயே போய்விட்டது. காலையில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் மத்தியானம் வரைக்கும் உரித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் முதலில் மரத்துப்போகும், அப்புறம் எலும்புக்குள் குடையும். அதனால் அங்கே எல்லாப் பெண்களும் டீயோடு ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். வெற்றிலை போடுகிற மாதிரிதான் அது. அதையெல்லாம் யார் கணக்கில் வைத்துக்கொள்வார்கள்?

கல்லீரலில் கட்டி என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே டாக்டர் யசோதரா கேட்டார். "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"அய்ய, நமக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல தாயி" என்றாள் இருதயம்மாள், கொஞ்சம் பெருமையாகவே. பக்கத்தில் நின்ற மகள் ஷிஜியும் ஆமாம் என்று தலையாட்டினாள். இத்தனைக்கும் ஷிஜிக்கு திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வாரா வாரம் அம்மாவுக்கு அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுப்பதே அவள்தான். என்ன புத்தியோ, அவளுக்கும் அது தோன்றவில்லை.

ஆபரேஷன் முடியாது, கதிர்வீச்சுதான் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே கதிர் வைக்கிற மெஷின்மா. உங்க கட்டி ஈரலோட ஈரலா கலந்து இருக்கு, சும்மா பார்த்தா தெரியாது. கான்ட்ராஸ்ட்னு ஒரு ஊசி, சாயம் மாதிரி, அதைப் போட்டா ஓரம் பளிச்சுனு தெரியும். ஓரம் தெரிஞ்சா குடல்ல படாம கட்டியை மட்டும் சுட்டுடலாம்."

இருதயம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஷிஜிக்கு இது ஐந்தாம் மாதம். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி, கொஞ்ச காலம் தூக்கி வளர்த்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று மாதா கோயிலில் அழுதாள்.

சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. பிறகு படுத்துவிடுவோமே என்று ஒரு நாள் விடாமல் கொட்டகைக்குப் போனாள். உடம்பு தளரத் தளர கைவலி கூடியது. ஒரு மாத்திரை மூன்றாயிற்று.

"இன்னாம்மா, அட்டை அதுக்குள்ள காலியா?" என்றாள் ஷிஜி.

"வலிக்குதுடி. கதிர் வச்சதும் வுட்டுர்றேன்."

ஷிஜி இன்னும் இரண்டு அட்டை கொண்டுவந்தாள்.

ஊசி போடும் நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் மாறியது. "கிட்னி ரொம்பக் கெட்டுப்போயிருக்கும்மா. ஊசி போட்டா மருந்து வெளியே போகாம உள்ளேயே தங்கிடும். என்ன சாப்பிட்டீங்க?"

அப்போதுதான் மாத்திரைக் கதை வெளியே வந்தது. "அந்த வலி மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்திருக்கு. சீட்டு இல்லாம யார் கொடுத்தாங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார். ஷிஜியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"கொட்டாயில ஒருத்தி குட்ப்பா" என்றாள் இருதயம்மாள். "இப்ப அவ இல்ல தாயி. செத்துப் பூட்டா."

ஊசி இல்லாமலே ஒரு முறை படுக்க வைத்துப் பார்த்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். திரையில் கல்லீரல் தெரிந்தது, கட்டியின் ஓரம் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்துங்கள், மூன்று வாரத்தில் கிட்னி தேறுகிறதா பார்ப்போம் என்றார்கள். தேறவில்லை. அதற்குள் கட்டி பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டது. இனி கதிர் வைத்துப் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

வராந்தா பெஞ்சில் ஷிஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான்தாம்மா உன்ன சாவடிச்சிட்டேன். நான்தான் வாங்கியாந்து வாங்கியாந்து குட்த்தேன்."

"சீ, வாய மூடு. அப்டிலாம் ஒண்ணும் இல்ல" என்றுதான் இருதயம்மாள் சொன்னாள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டாள். அந்த ஒரு கணத்தில் அம்மாவின் முகத்தை ஷிஜி பார்த்துவிட்டாள்.