மற்றும் பலரில் ஒருவர்

“பொம்பளப்பிள்ள இரக்கப்பட்டு, கண்டவனுக்கும் ரிஜிஸ்தர் கடுதாசியத் தூக்கிக் குடுத்துரும்லா?” தபாலாபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று போஸ்ட்மாஸ்டர் கேட்டது இது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது.

குற்றாலத்துச் சாரலில் படமெடுக்க வந்த கூட்டத்தில் ஒருவர், மகள் அனுப்பிய பதிவுக் கடிதத்தைக் கேட்டு வந்தார். நரைத்த கிருதா, தடித்த உதடு. பேசுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“ஏலே, தூக்குத்தண்டன குடுப்பாருல்லா, அந்த ஜட்ஜுலே!” என்று வரிசை கூவியது. தென்காசிக் கொட்டகையில் நானும் அவரை ஏழெட்டுப் படங்களில் பார்த்திருந்தேன். பெயர்தான் தெரியாது.

“ஒங்க பேரு இதுதான்னு சொல்ல, தெரிஞ்ச ஆள் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

“படத்துல பேரு போடுவாங்கள்லா?” என்றார் ஓர் அண்ணாச்சி.

“‘மற்றும் பலர்’னு போடுவாங்க. அதுல நான் இருக்கேன்.”

போய், கம்பெனி மானேஜரை அழைத்து வந்தார். “பத்துப் படமா நம்ம ஆளுதாம்மா. பேரு...” என்ற மானேஜர் அவர் பக்கம் திரும்பி, “உங்க பேரு என்ன சார்?” என்றார்.

அவர் இம்முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. “கடிதம் இருக்கட்டும்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போஸ்ட்மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் எல்லோரும் மதராசுக்குப் போய்விட்டார்கள். ஏழு நாள் வைத்திருந்து கடிதத்தைத் திருப்பி அனுப்பினோம். அந்த மகள் என்ன எழுதியிருந்தாளோ. விதிப்படி நான் செய்தது சரி. அந்தச் சரியில் எனக்குப் பெருமை இல்லை.

நேற்று, உறையிலிருந்து நான் குறித்துவைத்திருந்த அந்த மகளின் விலாசத்துக்கு, நடந்ததையெல்லாம் எழுதி, அதே உறையில் கண்ட அப்பாவின் பெயரை முழுதாகக் குறிப்பிட்டு, என் கையெழுத்துடன் ஒரு கடிதம் போட்டுவிட்டேன்.