ரேடியேட்டருக்குள் கூனி

இங்கிலாந்தில் நான் குடிக்கிற தண்ணீர் குழாயில் வருகிறது; என் கார் குடிக்கிற தண்ணீர்தான் போத்தலில் வருகிறது. லெஸ்டரில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் பதினொரு வருடமாக நான் விற்பது அந்தப் போத்தல்களைத்தான். உப்பு நீக்கியது, சுண்ணாம்பு நீக்கியது, குழந்தைக்குக் கொடுக்கலாம் போலத் தெளிந்தது. சனம் அதை வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறது. புத்தளம் பக்கம் வளர்ந்த எனக்கு இது இன்னும் சீரணமாகவில்லை. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரைத்தான் கேனில் காசு கொடுத்து எடுப்போம். காருக்குக் கிணறு போதும்.

அங்கே ஒரு பனிக்காலம் என் காரின் ரேடியேட்டர் வெடித்தது. கராஜுக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே வைத்து மாற்றினேன். விற்கிற சாமானை எனக்குப் பூட்டவும் தெரியும் என்ற திமிர்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தரையில் ஓடிய பச்சைத் தண்ணீரைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், மெதுவாக ஏதோ சொன்னார். பூனையை அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்து, மிக அழகான பூனை என்றேன். தேங்க் யூ என்று போய்விட்டார். மறுநாள் கதவிடுக்கில் ஒரு துண்டுக் கடிதம் கிடந்தது. கூலன்ட் இனிக்குமாம், பூனை நக்கினால் செத்துப்போகுமாம், தயவுசெய்து கழுவிவிடவும் என்று. நேரே நின்றபோது அதை விளங்கச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. சீ, இதுவும் ஒரு நாகரிகமா என்று எனக்குக் குமட்டியது. எங்கள் ஆக்கள் என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள் என்று கடையில் எல்லோருக்கும் பெருமையடித்தேன்.

இந்த வருடம் ஊருக்கு வந்தது விடுமுறைக்கு அல்ல. ஊர் என்று எழுதும்போதே கை நிற்கிறது. நாங்கள் மன்னார் ஆக்கள். தொண்ணூறில் யுத்தத்துக்குள் இயக்கம் முஸ்லிம்களை எல்லாம் மன்னாரை விட்டு வெளியேறச் சொன்னபோது எனக்கு ஏழு வயது, தம்பி ரிஸ்வான் உம்மாவின் இடுப்பில். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, முகாமின் ஓலைக்கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்து, கடைசியில் மதுரங்குளிக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணி வாங்கிக் குந்தினோம். வாப்பா உப்பளத்தில் கூலிக்கு நின்று எங்களை வளர்த்தார். உம்மா ஆறு வருடத்துக்கு முன் மௌத்தாகி மதுரங்குளி மையவாடியில் அடங்கியிருக்கிறார். மன்னாரில் எங்களுக்கு மிஞ்சியது அரை ஏக்கர் காணியும் அதற்கு ஒரு மங்கிய உறுதிப் பத்திரமும்தான்.

அந்தக் காணி பற்றி இரண்டு மாதத்துக்கு முன் அரசாங்கக் கடிதம் வந்தது. உரித்துக் கோருகிறவர் குறித்த வியாழக்கிழமை மன்னாருக்கு நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும், வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. உறுதி வாப்பாவின் பெயரில். நான் லெஸ்டரில் இருந்துகொண்டு கிழமைக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். காணியைச் சுத்தம் செய்வது, கம்பி வேலி போடுவது, பிறகு ஒரு வீடு கட்டுவது என்று திட்டம் எல்லாம் போட்டாயிற்று. வாப்பா எல்லாவற்றுக்கும் ஓம் மகள், ஓம் மகள் என்றார். இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு, அவரை நானே கூட்டிப்போய்க் கையெழுத்து வைப்பிக்கிறேன் என்று பறந்து வந்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம், ரிஸ்வான் வாடகைக்கு ஓட்டுகிற கார் தூரப் பயணத்தைத் தாங்குமா என்று பார்க்க அவனும் நானும் முந்தல் வரைக்கும் ஓடிப் பார்த்தோம். முந்தலைத் தொடவில்லை. வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறியது, பொனட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. அந்த ஆவியில் குழம்பு வாசம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொனட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் வயிறெல்லாம் மஞ்சள் கோடு கோடாக வழிந்து காய்ந்திருக்கிறது. ஒழுக்கு நிற்பதற்கு ரிஸ்வான் மஞ்சள்தூள் போட்டானாம். இங்கே எல்லோரும் செய்வதுதானாம். ஒழுகிய குழாயைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தான். விசிறிக்குக் கீழே ஒரு பல்லி கருவாடாகக் கிடந்தது. இந்தக் காரை வாங்க நான் லெஸ்டரில் எத்தனை சனிக்கிழமை கூடுதலாக நின்றேன் என்பது எனக்குத் தெரியும். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் மஞ்சள் போட்டால் வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும் என்றான். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், நாற்பத்திரண்டு வயதில்.

மெக்கானிக் பாஸ் வந்தார். வந்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ரிஸ்வானோடுதான் கதைத்தார். கேள்வி கேட்டது நான், பதில் போனது அவனுக்கு. இன்ஜின் ஹெட் தப்பியிருக்கிறதா, கேஸ்கட் போயிருக்குமா என்று நான் கேட்டதும் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாத்தா எங்கே இருந்து வந்திருக்கிறா என்று அவனிடம் விசாரித்தார். தாத்தா என்றால் எங்களில் அக்கா. சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். எங்களுக்கு வேண்டியது வியாழக்கிழமை. போங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ரிஸ்வானைப் புது ரேடியேட்டருக்குச் சிலாபத்துக்கு அனுப்பிவிட்டு, முற்றத்தில் உரப்பை விரித்து வேலையைத் தொடங்கினேன். வாப்பா கதிரையைப் போட்டுக்கொண்டு தூரத்தில் இருந்தார். உதவிக்கு வரவில்லை. கீழே உள்ள அடைப்பைத் திறந்ததும் வந்தது தண்ணீர் இல்லை, பழுப்பு நிறக் கஞ்சி. துருவும் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, முகாமில் நாங்கள் வரிசையில் நின்று போன கக்கூசின் நாற்றம். அந்த வரிசையில் உம்மா என் மூக்கைத் தன் முந்தானையால் பொத்திப் பிடிப்பார். கிணற்றடிக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி குனிந்தேன்.

விசிறியைக் கழற்றி, மேலே இருந்த இரண்டு பிடிகளையும் கழற்றி, ரேடியேட்டரை வெளியே தூக்கினேன். அலுமினியம் வெள்ளை பூத்து, விரல் வைத்த இடம் பொருக்காக உதிர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு படியவைக்கும், அது தெரியும். ஆனால் இரண்டு வருடம்கூட ஆகாத ரேடியேட்டரை இப்படித் தின்னாது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உரப்பையில் தட்டினேன். சேறு விழுந்தது, துருச் செதிள் விழுந்தது, அதற்குப் பிறகு இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ விழுந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தேன். கூனி. சம்பலுக்குப் போடுகிற அந்தப் பொடி இறால். காலும் மீசையுமாக, வேகி, சிவந்து, ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு.

எந்தக் கிணற்றில் கூனி இருக்கிறது? எங்கள் வீட்டுக்குப் பின்னால், கைவிட்ட இறால் பண்ணைக்குக் களப்புத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. நாற்றம் பிடித்த, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீர். அதில்தான் கூனி இருக்கிறது.

ரிஸ்வான் சிலாபத்திலிருந்து வந்ததும் உரப்பையைக் காட்டினேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று. தான் தண்ணீர் பார்ப்பதே இல்லை என்றான். விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து காருக்குத் தண்ணீர் பார்ப்பது வாப்பாவின் வேலை, இரண்டு மாதமாக அதை ஒரு நாளும் விட்டதில்லை என்றான். வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, கிணறு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விருப்பமாகவும் இருந்தது. அவரிடம் போய், வீட்டு வாசலில் கிணறு இருக்க ஏன் வாப்பா வாய்க்கால் தண்ணியை ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"கிணத்துத் தண்ணில அது லேசுல பழுதாகாது, மகள்" என்றார்.

குரலில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி. நான் அந்தக் கூனி நாற்றத்தோடு, கையெல்லாம் கறுப்பு மையோடு, அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். கடிதம் வந்த மறுநாள் தொடங்கியதாம். ஒரு கேன் ஊற்றினால் இரண்டு நாளில் கெட்டுவிடும் என்று நினைத்தாராம், அது கெடவே இல்லையாம். விருப்பமில்லை என்று என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"நீ போன்ல காணி காணி எண்டு எவ்வளவு சந்தோசமாக் கதைச்சாய். நான் எப்பிடி மகள் சொல்றது? இஞ்ச வந்து பதினஞ்சு வருசம் எனக்குப் பேரே அகதிதான். கடையிலயும் அகதி, பள்ளியிலயும் அகதி. இப்பத்தான் ஆரும் அப்பிடிக் கூப்பிடுறல்ல. சண்ட முடிஞ்சு ஒருக்கா மன்னாருக்குப் போனன் தானே, அங்க என்னப் பாத்துப் புத்தளத்தான் வந்திருக்கான் எண்டானுகள். ரெண்டாந்தரமும் அகதியாக எனக்கு ஏலா. உங்கட உம்மாவும் இஞ்சதான் கிடக்கா."

காணியில் கட்டப்போகிற வீட்டில் வந்து இருக்கப்போவது யார், நீயா என்று கேட்டார். லெஸ்டரில் மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்கு அந்த வீடு வேண்டும். அதற்காக எழுபத்தாறு வயது மனிதர் ஒருவர் விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு சேற்று வாய்க்காலுக்கு நடந்திருக்கிறார், மகளிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாமல். மஞ்சள் போட்டவனையும் வெற்றிலை துப்பியவரையும் பார்த்து வந்த அருவருப்பு எல்லாம் ஒன்றுமில்லை. அன்று என்னை நினைத்து எனக்கு வந்த அருவருப்புத்தான் பெரிது.

அதற்குப் பிறகும் புதன்கிழமை புது ரேடியேட்டரைப் பூட்டினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். கார் ரிஸ்வானின் பிழைப்பு, அதைத் திருத்தித்தானே ஆகவேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். குழாய்களைப் புதிதாகப் போட்டேன். குடிதண்ணீர்க் கேன் மூன்றை ஊற்றி இன்ஜினை அலசினேன், ரிஸ்வான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். கூலன்ட் விட்டு, காற்றை வெளியேற்றி, அரை மணித்தியாலம் ஓடவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. போவதா விடுவதா என்று நான் வாயே திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதும் ஒரு வற்புறுத்தல்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

வியாழக்கிழமை விடிய வாப்பா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, உறுதியை மடியில் வைத்துக்கொண்டு, காரின் முன்னிருக்கையில் ஏறி இருந்தார். பிள்ளை இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறாள், போவோம் என்று ரிஸ்வானிடம் சொன்னாராம். ரிஸ்வான் ஓட்டினான், நான் பின்னால். புத்தளம் டவுனைக் கடந்து அநுராதபுரம் வீதியில் ஏறினோம். வாப்பா வெளியே பார்க்கவில்லை. அவருடைய கண் முழுக்க அந்த வெப்பமானி முள்ளில் இருந்தது. முள் நடுவில் நின்றது. கார் கொஞ்சத் தூரம் போகும், அவர் மறுபடி குனிந்து பார்ப்பார், அது நடுவிலேயே நிற்கும், அவர் பெருமூச்சு விடுவார். அது ஏறவேண்டும் என்று அந்த மனிதர் துஆ கேட்டுக்கொண்டு வருகிறார் என்று எனக்கு விளங்க ஐந்தாறு கட்டைத் தூரம் போதுமாயிருந்தது.

முன்னால் பொலிஸ் சோதனைச் சாவடி தெரிந்தது. தம்பி, திருப்பு என்றேன். இங்கேயா என்றான். இங்கேதான் என்றேன். சாவடியைக் கண்டதும் திரும்புகிற காரை எந்தப் பொலிஸ்காரன் விடுவான்? பாதி திரும்பும்போதே விசில் அடித்து ஒருவர் ஓடிவந்தார், சின்ன வயதுச் சிங்களவர். கார் வீதிக்குக் குறுக்கே நின்றது. ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்டார். ரிஸ்வான் வாய்க்கு வந்ததைச் சொன்னான், ரேடியேட்டர் பழுதாம். திறக்கச் சொன்னார். பொனட்டுக்குள்ளே புது ரேடியேட்டர் பளபளவென்று இருந்தது. அவர் குனிந்து கீழே பார்த்தார், தரை காய்ந்து கிடந்தது. பழுது ஒன்றும் இல்லையே என்றார். அவர் பார்வை மாறிவிட்டது. இறங்கச் சொன்னார், இருக்கைகளைத் தட்டிப் பார்த்தார், உறுதியை விரித்துப் பார்த்தார், அதில் ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று இந்தமுறை வாப்பாவைக் கேட்டார்.

"கெதர யனவா, மாத்தயா" என்றார் வாப்பா. வீட்டுக்குப் போகிறோம். வீடு எங்கே என்று கேட்டதற்கு, யோசிக்காமல் மதுரங்குளிப் பக்கம் கையைக் காட்டினார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் அந்தப் பக்கத்தை வீடு என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான், அதுவும் சிங்களத்தில், ஒரு பொலிஸ்காரரிடம்.

பொலிஸ்காரர் தலையாட்டிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். நான் பாஸ்போட்டைக் கொடுத்தேன். சிவப்பு மட்டையைப் புரட்டினார், பிறந்த இடம் மன்னார் என்று இருந்ததைப் பார்த்தார், மன்னாருக்குப் போகிற பாதையில் பாதி திரும்பி நிற்கிற காரைப் பார்த்தார்.

"நோனாகெ கெதர கொஹேத?" உங்கள் வீடு எங்கே என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

பின்னால் லொறி ஒன்று ஹோன் அடிக்கத் தொடங்கியது. வாப்பா, ரிஸ்வான், பொலிஸ்காரர் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ரிஸ்வான்தான் போய்ப் பொனட்டை மூடினான்.